ஆளி யார் கையில்?

விழாக் காணும் கல்லூரி அன்னைக்கு அவள் மைந்தர் பலரும் பலவகைக் காணிக்கைகளைக் கொண்டுவந்து நிற்கும் இவ்வேளையில், தமிழாசிரியர் ஒருவரிடமிருந்து மலர்க்குழுவினர் எதிர்பார்ப்பது பெரும்பாலும் ஓர் இலக்கியக் கட்டுரையேயாகும். யாம் எழுதப் புகுந்ததோ பெருவிரலளவான ஒரு மின்தகட்டைப் பற்றி. அத்தகட்டை வீட்டு நீர்ப்பம்பியின் பெட்டிக்குள்ளோ, விளக்கின் ஆளிக்குள்ளோ பொருத்திவிட்டால், ரொறன்ரோ நகரிலிருக்கும் மகன் தன் கைத்தொலைபேசியைத் தொட்டுக் கோண்டாவில் வளவுக் கிணற்றில் நீர் இறைப்பிக்கலாம். மெல்பேணிலிருக்கும் மகள் பருத்தித்துறை வீட்டு வாயில் விளக்கை ஏற்றலாம். விடுமுறைக்கு ஊர்வரும் அன்பர்கள் இத்தகைய கருவிகளைத் தம் பெட்டிகளிற் கொணர்ந்து பெற்றோர் வீடுகளிற் பொருத்திச் செல்வது இப்போது நம்மிடையே வழக்கமாகி வருகின்றது.

தமிழாசிரியருக்கு இதில் என்ன வேலை என வினவுவோர் உளராயின், அவர்க்கு விடை எம்மிடம் உண்டு. தமிழகத்தார் 'சுவிட்ச்' என வழங்கும் பொருளுக்கு ஈழத்துப் பாடநூல்கள் 'ஆளி' என்று பெயரிட்டன. ஆள்வது ஆளி. மின்னை ஆள்வது அச்சிறு கருவி. அக்கருவியை ஆள்பவர் அவ்வீட்டை ஆள்கின்றார். பெயரிட்ட பெரியோர் இத்துணையும் எண்ணினரோ அறியோம்; சொல் எண்ணுகின்றது. ஆதலின், கம்பியில்லாத் தொடர்பு அலகு ஒன்றை வீட்டுக் கருவிக்குள் பொருத்தும்போது முதலிற் கேட்கவேண்டிய கேள்வி, அது எத்துணைத் தொலைவிலிருந்து இயங்கும் என்பதன்று. ஆளி இனி யார் கையில் என்பதேயாம்.

இவ்வலகு யாது? கையடக்கமான ஒரு வானொலி நிலையம் என்க. அது செய்தியைப் பெறும், அனுப்பும், பெற்ற செய்தியை ஆராய்ந்து அதன்படி ஒழுக ஒரு நுண்கணினியும் அதனுள் உண்டு. சாங்காய் நகரத்து எஸ்பிரெசிவ் நிறுவனத்தாரின் ஈ.எஸ்.பி. 8266 என்னும் சில்லைத் தாங்கிய தகடுகள் 2014-ஆம் ஆண்டில் உலகச் சந்தையிற் பரவின. எட்டு ஊசிக்கால்களையுடைய அச்சிறு தகடு சில டொலர் விலைக்குக் கிடைத்தமையால், முன்னர்ப் பெருநிறுவனங்களுக்கே இயன்ற வேலை பள்ளி மாணவனுக்கும் இயல்வதாயிற்று. இதனையொத்த சிக்பீ என்னும் மற்றொரு முறை, தேனீக்கள் ஆடி அசைந்து ஒன்றுக்கொன்று செய்தி சொல்லும் இயல்பினின்றும் பெயர் பெற்றது. ஒரு விளக்கிலுள்ள அலகு அடுத்த அறையிலுள்ள அலகுக்குச் செய்தியைக் கைமாற்ற, அது அதற்கப்பாலுள்ளதற்குக் கைமாற்றும்.

கம்பியின்றி ஆணை செலுத்துதல் கீழைத்தேயத்தார்க்குப் புதியதோர் அற்புதமும் அன்று. 1895-ஆம் ஆண்டளவிற் கல்கத்தா நகர மண்டபத்திலே சகதீச சந்திர போசர் மின்காந்த அலைகளைச் சுவரினூடே செலுத்தி, அப்பாலிருந்த மணியை ஒலிப்பித்தார், வெடிமருந்தையும் வெடிப்பித்தார். இலங்கையில் 1925-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் கொழும்பு வானொலி தொடங்கிற்று. போசர் ஏவிய அலைக்கும் ஒலித்த மணிக்கும் இடையில் இருந்தது சுவர் மட்டுமே. வேறொருவர் அனுமதி இடையில் நின்றதில்லை. இன்றைய கருவிகளில் நிகழ்ந்துள்ள மாற்றம் இவ்விடத்திலேதான்.

இவ்வலகினால் விளையும் நன்மையை முதலிற் கூறிவிடுதல் நேர்மையாகும். நம் குடாநாடு வற்றாத ஆறொன்றுமில்லாதது. சுண்ணக்கற் பாறையினுள்ளே தேங்கிய மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து கிடப்பதையே கிணறு தோண்டி எடுத்து வாழ்கின்றோம். துலா மிதித்து இறைத்த கைகால்களின் இடத்தை நீர்ப்பம்பி பெற்றது. தண்ணீர்த் தாங்கி மாடியேறிற்று. இன்று பல வீடுகளில் எஞ்சியிருப்போர் முதியவர் இருவரே. சில வீடுகளில் ஒருவரே. மாரிக்கால இரவில் ஈரநிலத்தில் நின்று பம்பி ஆளியைத் தொடுவதும், தாங்கி நிரம்பி வழியும் ஓசைக்குக் காதுகொடுத்திருப்பதும் எழுபத்தைந்து அகவைத் தாய்க்கு எளியன அல்ல. நீர்மட்டத்தை உணர்ந்து பம்பியைத் தானே நிறுத்தும் கருவியும், இருந்த இடத்திலிருந்தே அதனை இயக்கும் அலகும் அவருக்கு உண்மையான துணையாகும்.

அயல்நாட்டிலிருந்து நல்லதோர் எடுத்துக்காட்டும் உண்டு. மராட்டிய மாநிலத்துப் பூனாவைச் சேர்ந்த பொறியியலாளர் சந்தோஷ் ஓஸ்ற்வால் 'நானோ கணேஷ்' என்னும் கருவியை ஆக்கினார். வயலிலுள்ள பம்பியை இயக்குதற்காகத் தம் பாட்டனார் நெடுந்தூரம் நடந்து சென்றதை இளமையிற் கண்டமையே அம்முயற்சிக்கு வித்து என்பர். உழவரிடம் முன்னரே உள்ள பம்பியின் இயக்குபெட்டியோடு அக்கருவி இணைக்கப்படும். உழவர் தம் கைத்தொலைபேசியால் அதனை அழைத்து, வயலில் மின்சாரம் உண்டா இல்லையா என்று அறிந்து, பம்பியை இயக்கவும் நிறுத்தவும் செய்வார். பழைய பெட்டி பழையபடியே நிற்கின்றது, ஆணையிடுபவர் அந்நிலத்துக்குரியவரே. இவ்விரண்டையும் மனத்திற் கொள்க.

இனி, நம் வீடுகளுக்கு வரும் கருவிகள் பலவற்றின் நிலையை நோக்குவோம். அம்மா கூடத்தில் இருந்து தொலைபேசியைத் தொட்டு அதே கூடத்து விளக்கை ஏற்றுகின்றார். ஆணை அவர் கையிலிருந்து விளக்குக்கு நேரே செல்வதாக நாம் எண்ணுகின்றோம். பல கருவிகளில் அது அவ்வாறு செல்வதில்லை. வீட்டை விட்டுப் புறப்பட்டு, கடலடிக் கம்பி வழியே பிறநாடொன்றிலுள்ள நிறுவனத்தின் கணினிக்குச் சென்று, அங்கே அனுமதி பெற்று, மீண்டு வந்து பத்தடித் தொலைவிலுள்ள விளக்கை அடைகின்றது. அக்கணினி உறங்கினால் இவ்விளக்கும் உறங்கும். அந்நிறுவனம் மனம் மாறினால் வீட்டார் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

இஃது அச்சத்தாற் கூறும் கூற்றன்று, நிகழ்ந்தவை உள. றிவொல்வ் என்னும் இல்லக் கட்டுப்பாட்டுக் கருவியை முந்நூறு டொலரளவு கொடுத்து அமெரிக்கர் வாங்கினர். கூகிளைச் சார்ந்த நெஸ்ற் நிறுவனம் அதனை 2014-ஆம் ஆண்டில் வாங்கி, 2016 மே மாதத்தில் அதன் சேவையை நிறுத்தியது. பழுதொன்றுமில்லாத கருவிகள் ஒரே நாளில் வெறும் பெட்டிகளாயின. 2022 ஏப்ரிலில் இன்ஸ்ரியோன் என்னும் நிறுவனம் முன்னறிவித்தலின்றித் தன் கணினிகளை நிறுத்தியபோது, நிறுவனத்தின் வழியையே நம்பியிருந்தோர் திகைத்தனர். வீட்டுக்குள்ளேயே ஆணை செல்லுமாறு அமைத்திருந்தோர் வீடுகளில் விளக்குகள் முன்போல எரிந்தன. இரண்டாம் கூட்டத்தார் செய்ததையே யாம் ஈண்டு வேண்டுகின்றோம்.

சேவை மட்டுமோ? அலைவழியும் முதுமை அடைவதுண்டு. இரண்டாம் தலைமுறைக் கைத்தொலைபேசி வலையை நம்பி ஆக்கிய அலகுகள் எத்தனையோ. சிங்கப்பூர் 2017-ஆம் ஆண்டில் அவ்வலையை மூடியது. அவுஸ்திரேலியா 2024-ஆம் ஆண்டில் மூன்றாம் தலைமுறை வலையையும் மூடிற்று. பம்பி இருபது ஆண்டு உழைக்கும். அதற்குள் வைத்த அலகு பத்தாண்டில் ஊமையாகலாம். ஆதலின் அலகானது கழற்றி மாற்றத்தக்கதாய் இருத்தல் வேண்டும். கருவியின் உயிர் அதனிடம் இருத்தலாகாது.

இதனை உணர நமக்கு அயல்நாட்டுச் செய்திகளும் வேண்டியதில்லை. 1990-ஆம் ஆண்டு தொடங்கி ஆண்டுக்கணக்காகக் குடாநாடு மின்சாரமின்றி இருந்தது, மின்கலங்களுக்கும் தடை. அந்நாளிற் சிறுவராயிருந்த எம் தலைமுறையினர் துவிச்சக்கர வண்டியின் மிதியைக் கையாற் சுழற்ற, டைனமோவில் எழுந்த மின்னைக் கொண்டு மூத்தோர் வானொலிச் செய்தி கேட்டனர். அவ்வானொலி வெளிநாட்டிற் செய்யப்பட்டதே. எனினும் அதனைத் திறந்து பார்க்கலாம். அதற்கு எத்துணை வோல்ற்று வேண்டும் என்று அறியலாம். வேறொரு வழியில் உணவூட்டலாம். யாரிடமும் அனுமதி கேளாமல் அது பேசிற்று. வந்த இடர் பெரிது. கருவி நம் ஆட்சியில் இருந்தமையால் அவ்விடரிலும் அது உதவிற்று.

அக்காலம் கழிந்தது எனினும் மின்தடை கழிந்துவிடவில்லை. 2022 மார்ச்சு இறுதியில் இலங்கையர் ஒரே நாளிற் பதின்மூன்று மணிநேர மின்வெட்டைக் கண்டனர். 2025 பெப்ரவரி 9-ஆம் நாள் பாணந்துறை உபமின்நிலையத்திற் குரங்கு ஒன்று புகுந்தமையால் நாடு முழுவதும் இருண்டது என அமைச்சர் அறிவித்தார். இத்தகைய நாளில் வீட்டார் மின்பிறப்பாக்கியை இயக்கிப் பம்பியை ஓட்டலாம். ஆனால் தொலைபேசிக் கோபுரம் ஓய்ந்து இணையம் நின்றிருந்தால், இணையத்துக்கு அப்பாலிருந்து ஆணை எதிர்பார்க்கும் ஆளி வாளாவிருக்கும். கிணற்றில் நீர் உண்டு. கையில் மின் உண்டு. நடுவில் ஆணை இல்லை.

ஆகவே, பொருத்துவோர் மனங்கொள்ளவேண்டியவை சில கூறுவோம். எம்மிடம் இருப்பது ஆசிரியப் பயிற்சிச் சான்றிதழே. எனினும் மின்வேலை அறிந்தாரிடம் கேட்டுத் தெளிந்தவை இவை. வீட்டு மின்னிணைப்பிற் கைவைக்கும் வேலையைத் தகுதிபெற்ற மின்னிணைப்பாளரிடமே விடுக.

முதலாவது, கையாளி நீங்கலாகாது. அலகு பழைய ஆளியோடு உடனிருந்து உதவவேண்டும். அதனைப் பிடுங்கிவிட்டு அதனிடத்தில் அமர்தல் தகாது. அலகு இறந்தாலும் ஆச்சி சுவரிலுள்ள ஆளியை அழுத்த, விளக்கு எரிதல் வேண்டும்.

இரண்டாவது, ஊட்டமும் சுமையும். நம் வீட்டு மின் 230 வோல்ற்று. அலகு உண்பதோ 3.3 வோல்ற்று; அலை அனுப்பும் கணத்தில் அதற்குச் சில நூறு மில்லியம்பியர் வேண்டும். மெலிந்த ஊட்டத்தோடு இணைத்தால் அலகு அடிக்கடி மயங்கி மீளும். மிகுந்த வோல்ற்றளவு கொடுத்தால் எரிந்துபோம். அலகு தானே பம்பியை இயக்காது. அது றிலேயை இயக்கும். பம்பி புறப்படும் கணத்தில் இழுக்கும் மின்னோட்டம் ஓடும்போது இழுப்பதனிலும் பன்மடங்கு பெரிதாதலின், சிறு றிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். பின்னர் நிறுத்தென்றாலும் நில்லாது. எனவே றிலே 'கொன்ராக்டர்' என்னும் பெரிய தொடுப்பியை இயக்க, அது பம்பியை இயக்குமாறு செய்தலே முறை. மின் நின்று மீண்டபோது பம்பி தானே ஓடத் தொடங்காமல் நின்ற நிலையிலேயே இருக்குமாறும் அமைத்தல் வேண்டும்.

மூன்றாவது, அலையின் இயல்பு. 2.4 கிகாஹேட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 12.5 சென்ரிமீற்றர். இரும்புப் பெட்டிக்குள் அலகை வைத்து மூடினால் அது ஊமை. தடித்த கற்சுவரும் கம்பி வைத்த கொங்கிறீற்றுத் தட்டும் அதன் குரலைத் தளர்த்தும். வாங்கும் நாட்டையும் நோக்குக. கனடாவில் 120 வோல்ற்றுக்கென ஆக்கியதை நம் 230 வோல்ற்றில் இணைத்தால் அழிவே. சீ-வேவ் என்னும் முறைக்கு வட அமெரிக்காவில் ஓர் அலைவரிசை, ஐரோப்பாவில் வேறோர் அலைவரிசை. அண்ணன் ரொறன்ரோவிலிருந்தும் தங்கை இலண்டனிலிருந்தும் கொணர்ந்த கருவிகள் ஒரே வீட்டில் ஒன்றோடொன்று பேசா.

நான்காவது, கிணறு. இஃது எவ்வழிகாட்டிச் சுவடியிலும் இல்லை. நம் மண்ணுக்கே உரியது. துலா மிதித்தவர் கிணற்றை நோக்கியே நின்றார். நீர் இறங்குவதைக் கண்டு நிறுத்தினார். கடலுக்கு அப்பாலிருந்து பம்பியை ஏவுபவர் கிணற்றைக் காணார். கோடையில் அளவிறந்து இறைத்தால் பம்பி வறிதே ஓடி எரிவது ஒருபுறமிருக்க, அடியிலுள்ள உவர்நீர் மேலெழுந்து நன்னீரைக் கெடுக்கும். அக்கேடு ஒரு வளவோடு நில்லாது அயலையும் பற்றும். தாங்கியில் மட்டுமன்றிக் கிணற்றிலும் நீர்மட்ட உணரி வைத்து, நீர் குறைந்தால் எவர் ஏவினும் ஓடாதவாறு கருவிக்கே கட்டளையிட்டு வைத்தல் வேண்டும்.

ஐந்தாவது, காவல். 2016 ஒக்ரோபர் 21-ஆம் நாள் அமெரிக்காவிற் புகழ்பெற்ற இணையத்தளங்கள் பல முடங்கின. முடக்கிய படை யாது? மிறாய் என்னும் தீநிரல் கைப்பற்றிய வீட்டுக் கண்காணிப்புக் கருவிகளும் அவைபோல்வனவுமே. தொழிற்சாலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாமையே அவற்றுட் புகுந்த வாயில். வீட்டுப் படலைக்குப் பூட்டிடுவோர் அலகுக்கும் பூட்டிடுதல் வேண்டும்.

ஈண்டு ஒரு தடை எழும். "பெருநிறுவனங்கள் யாவற்றையும் நமக்காகச் செய்து தருகின்றன, பெட்டியைத் திறந்து பொருத்தினால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது, உள்ளூரிலேயே ஆணை செல்ல அமைப்பது யார்க்கு இயலும்?" என்பர். பத்தாண்டுக்கு முன்னர் இத்தடைக்கு வலிமை இருந்தது. இப்போது அவ்வளவு இல்லை. வீட்டிலிருக்கும் சிறு கணினி ஒன்றே எல்லாக் கருவிகளையும் ஆளுமாறு செய்யும் 'ஹோம் அசிஸ்ரன்ற்' என்னும் கட்டற்ற மென்பொருள் 2013-ஆம் ஆண்டு முதல் வளர்ந்து வருகின்றது. அலகின் உள்ளே இடுதற்கு 'ரஸ்மோற்றா' என்னும் கட்டற்ற நிரலும் உண்டு. போட்டி நிறுவனங்கள் ஒன்றுகூடி 2022-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'மற்றர்' என்னும் பொதுமுறையும் வீட்டு வலைக்குள்ளேயே ஆணை செல்வதை அடிப்படையாகக் கொண்டது. ஐந்து நிமிட வேலை ஐந்து மணிநேரம் ஆகலாம். வீட்டின் ஆட்சிக்கு அது பெரிய விலையன்று.

ஆட்சி என்றோம், அது நிறுவனத்துக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட வழக்கு மட்டுமன்று. மக்களுக்கும் பெற்றோர்க்கும் இடைப்பட்டதுமாம். அன்பினால் வைத்த கருவியே சிலவேளை முதியவரைத் தம் வீட்டில் விருந்தினராக்கிவிடும். தாம் ஏற்றாத விளக்கு எரிகின்றது. தாம் நிறுத்தாத மின்விசிறி நிற்கின்றது. கூடத்து மூலையில் ஒரு கண் இமையாது நோக்குகின்றது. "பிள்ளை பார்த்துக்கொள்ளுது" என்று அவர் பெருமையோடு கூறுவார்; ஆயினும் பிள்ளை அழைத்துக் கேட்காமலே பம்பியை நிறுத்தும் நாளில் அவர் உள்ளம் சுருங்கும். ஐம்பது ஆண்டு அவ்வீட்டை ஆண்டவர் அவர். பொருத்துமுன் அவரிடம் கேட்டல், பொருத்தியபின் இறுதி ஆணையை அவர் கையில் விடுதல், கடல் கடந்திருப்போர் அவசரத்துக்கு மட்டும் தலையிடுதல் ஆகிய இம்மூன்றும் மின்னியல் விதிகள் அல்ல. எனினும் அவற்றினும் முதன்மையானவை.

முடிவாக, மொழியைப் பற்றி ஒரு சொல் கூறாது விடின் எம் தொழிலுக்குக் குறையாகும். பெட்டியோடு வரும் தாளில் ஆங்கிலமும் சீனமும் உள; தமிழ் இல்லை. விளங்காத கருவியை எவரும் ஆளமுடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். விபுலாநந்த அடிகள் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கினார். அறிவியல் முழுவதையும் தாய்மொழியிற் பயின்ற மாணவர் தலைமுறைகள் நம் கல்லூரிகளிலிருந்து வெளிவந்துள்ளன. அத்தகைய மண்ணில், பம்பிப் பெட்டியின் மேல் 'மின் துண்டிக்க இதனை அழுத்துக', 'இணையம் இல்லாதபோது இவ்வாளியைப் பயன்படுத்துக' என இரண்டு வரிகளைத் தமிழில் எழுதி ஒட்டுதல் அரிதோ?

பழைய மாணவ அன்பர்காள்! கல்லூரிக்கும் ஊருக்கும் நீவிர் அனுப்பும் பொருள்கள் பல. அவற்றுக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். இவ்விழா ஆண்டில் ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். முடித்து மூடிய பெட்டிகளுக்கு ஈடாகத் திறந்த தகடுகளை அனுப்புக. பற்றாசு வைக்கும் கோல்களையும் அளவுமானிகளையும் அனுப்புக. விடுமுறைக்கு வருங்கால் இரண்டு பிற்பகல்களைக் கல்லூரி ஆய்வுகூடத்தில் மாணவரோடு கழிக்குக. கடத்தும் கம்பியில்லாக் கருவிகளுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் விதிகள் உண்டென்பதையும் மறவற்க. மாணவன் ஒருவன் தன் கையால் அலகொன்றைப் பொருத்தி, அதன் பயனைத் தமிழில் எழுதி, அயல்வீட்டு ஆச்சிக்கு விளக்கிக் காட்டும் நாளில், அவ்வீட்டுக் கருவி பழுதுற்றால் ரொறன்ரோவுக்குத் தொலைபேசி எடுக்கவேண்டியதில்லை. ஒழுங்கை முனையில் நின்று கூப்பிட்டாற் போதும்.

கம்பியில்லாமல் ஆணை செல்லலாம். உரிமை உடன் சென்றுவிடாமற் காத்தல் நம் கடன். ஆளி அவ்வீட்டிலே வாழ்பவர் கையில் நிற்க. கல்லூரி அன்னை நீடு வாழ்க.